சின்ன மரத்துண்டு பறித்த கண்!

மைதானத்தில் பார்வை பறிபோவது எப்படி? தப்பிக்க வழி என்ன?

2012-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி. இங்கிலாந்து நாட்டில் டான்டன் நகர மைதானம்.

தென் ஆப்பிரிக்க கிரிக்கெட் அணி அங்கே சுற்றுப்பயணம் வந்திருந்தது. எதிரணி சாமர்செட். பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. டெஸ்ட் போட்டிக்கு முன்னால் கை பழகுவதற்காக ஆடும் பயிற்சி ஆட்டம்தான்.

பந்து போட்டவர் இம்ரான் தாஹிர். சுழற்பந்து வீச்சாளர். விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சர் ஸ்டம்பை ஒட்டினாற்போல் குனிந்து நின்றார். சுழற்பந்துக்கு விக்கெட் கீப்பர்கள் அப்படித்தான் நிற்பார்கள். பவுச்சர் தலையில் ஹெல்மெட் இல்லை. கண்ணில் கண்ணாடியும் இல்லை.

பந்து மட்டையை ஏமாற்றியது. ஸ்டம்பில் மோதியது. ஆட்டக்காரர் அவுட்!

கை தட்ட வேண்டிய நேரம். ஆனால் பவுச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே சாய்ந்தார்!

ஸ்டம்பின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெயில் என்ற சின்ன மரத்துண்டு விசிறி அடித்து வந்து, அவருடைய இடது கண்ணைக் கிழித்துவிட்டது. அதன் நீளம் 11 செ.மீட்டர்தான். கண்ணின் வெள்ளைப் பகுதி கிழிந்து ரத்தம் கொட்டியது. அன்றே சுமார் 3 மணி நேரம் ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் ஜூலை 10. "இனி சர்வதேசப் போட்டியில் ஆடமாட்டேன்" என்ற பவுச்சரின் அறிவிப்பை அணித் தலைவர் கிரேம் ஸ்மித் படித்தார்.

பவுச்சர் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 147 டெஸ்ட் ஆடியவர். டெஸ்டில் 555 பேரை அவுட்டாக்கி உலக சாதனை செய்தவர். அந்தத் தொடரில் 3 டெஸ்ட். மூன்றும் ஆடியிருந்தால் சரியாக 150 ஆகியிருக்கும்!

15 வருட ஆட்டம் ஒரு நொடியில் முடிந்தது. எதிரியின் பந்தால் அல்ல. தன் அணிக்கு விக்கெட் விழுந்த பந்தால்!

நம்ம தெருவில்...

"அது வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மைதானத்தில் பத்து, பதினைந்து ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். இந்த ஆட்டத்துப் பந்து அந்த ஆட்டத்து 'ஸ்லிப்' ஆட்டக்காரர் முதுகில் விழும். மெரினா மணலிலும் இதே கதை. சந்துகளில் கேட்கவே வேண்டாம். மாடியில் இருந்து எட்டிப் பார்க்கிற பாட்டிக்கும் பந்து வரும்!

ஊர்ப்பக்கம் போனால் கிட்டிப்புள். சென்னையில் கில்லி என்பார்கள். இரண்டு பக்கமும் சீவிய கூர்மையான கட்டை ஆளுயரத்துக்கு எகிறிப் பறக்கும். எதிரே நிற்பவன் அதைக் கையால் பிடிக்க வேண்டுமாம்!

பையன் கண்ணில் அடிபட்டால் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். "ஒண்ணும் இல்லடா, கண்ணைத் தொற. நல்லா தண்ணி அடி. ஊது... ஊது..." என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கால்மணி நேரம் கழித்து பையனே, "இப்போ தேவலை" என்று மறுபடி பேட்டிங் பிடிக்கப் போய்விடுவான்.

ஆபத்தே இங்கேதான் இருக்கிறது. கண்ணில் பட்ட அடி வெளியே ஒன்று காட்டும். உள்ளே வேறொன்று நடக்கும்.

கண்ணுக்குள் என்ன இருக்கிறது?

அதைப் புரிந்துகொள்ள, கண் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கண் என்பது ஒரு சின்ன உருண்டை. குறுக்களவு சுமார் 24 மில்லி மீட்டர். பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதில் நாம் வெளியே பார்ப்பது கொஞ்சம். மீதியெல்லாம் எலும்புக் குழிக்குள் பத்திரமாக இருக்கிறது.

கண்ணுக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான மூடி இருக்கிறது. அதுதான் கருவிழி. கருப்பாகத் தெரிந்தாலும் அது கருப்பு இல்லை. கண்ணாடி போலத் தெளிவானது. நடுவில் அதன் கனம் அரை மில்லி மீட்டர்தான். உடம்பிலேயே வலி உணர்ச்சி மிக அதிகமான இடங்களில் அதுவும் ஒன்று. தூசி விழுந்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான்.

கருவிழிக்குப் பின்னால் கொஞ்சம் நீர். அதற்குப் பின்னால் வட்டமான திரை. அதன் நிறத்தை வைத்துத்தான் 'பூனைக்கண்', 'கருங்கண்' என்கிறோம். திரையின் நடுவில் உள்ள ஓட்டைதான் கண்மணி. வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும்.

திரைக்குப் பின்னால் லென்ஸ். மெல்லிய நூல்களால் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கும். வயதான காலத்தில் புரை விழுவது இந்த லென்சில்தான்.

லென்சுக்குப் பின்னால் முட்டை வெள்ளைக்கரு போன்ற கூழ். கண்ணின் பெரும்பகுதி இந்தக் கூழ்தான். அதற்கும் பின்னால், உட்சுவரில் வால்பேப்பர் ஒட்டினாற்போல் விழித்திரை. சினிமாக் கொட்டகையில் வெள்ளித்திரை மாதிரி, படம் விழுவது இங்கே.

விழித்திரையில் விழுந்த படத்தை மூளைக்குக் கொண்டுபோவது பார்வை நரம்பு. ஒரு கண்ணுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு இழைகள்! அறுந்தால் மறுபடி ஒட்டவைக்க இன்றைக்கும் வழி கிடையாது.

இத்தனையும் அந்த நெல்லிக்காய்க்குள்!

எலும்புக் கோட்டை

இயற்கை கண்ணைச் சும்மா விடவில்லை. சுற்றிலும் எலும்புக் கோட்டை கட்டி வைத்திருக்கிறது. மேலே புருவ எலும்பு. கீழே கன்னத்து எலும்பு. ஒரு பக்கம் மூக்கு.

இந்தக் கோட்டை வாசலின் அகலம் சுமார் 4 செ.மீட்டர். உயரம் சுமார் மூன்றரை செ.மீட்டர். எந்தப் பந்து கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

கிரிக்கெட் பந்தின் குறுக்களவு 7 செ.மீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாசலைவிடப் பெரியது. அதனால் பெரும்பாலும் எலும்பில் மோதிவிட்டுத்தான் கண்ணைத் தொடும். எலும்பு உடையும்; சில சமயம் கண் தப்பும்.

ஸ்குவாஷ் பந்து 4 செ.மீட்டர். கச்சிதமாக வாசலில் பொருந்தும்!

இறகுப்பந்து? "இறகுதானே, என்ன செய்யும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் எடை ஐந்தரை கிராம்கூட இல்லை. ஆனால் அதன் தலையில் உள்ள தக்கையின் குறுக்களவு சுமார் இரண்டரை செ.மீட்டர்தான். எலும்பு தடுக்காது. நேராக விழியிலேயே போய் அடிக்கும்.

வேகத்தைக் கேட்டால் தலை சுற்றும். இந்திய ஆட்டக்காரர் சாத்விக் சாய்ராஜ் 2023-ல் நடந்த சோதனையில் அடித்த அடியில், மட்டையை விட்டுக் கிளம்பும்போது இறகுப்பந்தின் வேகம் மணிக்கு 565 கி.மீட்டர்! கின்னஸ் சாதனை அது. காற்றில் வேகம் மளமளவென்று குறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வலைக்கு மிக அருகில் நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர், "பின்னால் பார்ட்னர் அடித்துவிட்டானா?" என்று திரும்பிப் பார்க்கும்போதும் இப்படி அடி வாங்குவது உண்டு.

கால்பந்து மிகப் பெரியதாயிற்றே, அது எப்படிக் கண்ணைத் தொடும்? காற்றடைத்த பந்து முகத்தில் மோதும்போது அமுங்கும். அமுங்கிய தோல் கண் குழிக்குள் பிதுங்கி நுழையும். டென்னிஸ் பந்தும் இதே வேலையைச் செய்யும். "ரப்பர் பந்துதான் சார்" என்பது சமாதானம் ஆகாது.

கண் இமைக்கும் நேரம்

'கண் இமைக்கும் நேரத்தில்' என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அந்த நேரம் எவ்வளவு?

ஆபத்தைப் பார்த்ததும் இமை மூடிக்கொள்ள, ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆகும். மணிக்கு 140 கி.மீட்டர் வேகத்தில் வருகிற பந்து அந்த நேரத்துக்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் பாய்ந்துவிடும்!

பந்து வீச்சாளர் கையில் இருந்து வருகிற பந்தையாவது பார்க்கலாம். மட்டையின் விளிம்பிலோ, காலிலோ பட்டு, அரை மீட்டர் தூரத்தில் திசை மாறி வருகிற பந்தை என்ன செய்வது? இமைக்குக்கூட நேரம் கிடையாது.

2000-ம் ஆண்டு மே மாதம் டாக்காவில் ஆசியக் கோப்பைப் போட்டி. இந்திய விக்கெட் கீப்பர் சபா கரீம், கும்பிளேயின் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்றார். பந்து திசை மாறி எகிறி வலது கண்ணில் அடித்தது. ஆபரேஷன் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். அதோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது.

அடி பட்டால் உள்ளே என்ன ஆகும்?

எலுமிச்சம்பழத்தை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும் அல்லவா? கண்ணும் அப்படித்தான். முன்னால் அடி விழுந்ததும் உருண்டை தட்டையாகும். பக்கவாட்டில் விரியும். அந்த ஒரு கணத்தில் உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் இழுபடும். எது கிழியும் என்று யாரும் சொல்ல முடியாது.

கீறல்: மைதானத்தில் அடிக்கடி ஏற்படுவது இது. கபடியில், கூடைப்பந்தில் எதிராளியின் விரலோ, நகமோ கருவிழியில் கீறிவிடும். வலி, கண்ணீர், கூச்சம். சுத்தமான கீறலாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். ஆனால் மண் தரையில் புரண்ட கை சுத்தமாகவா இருக்கும்? கிருமி புகுந்தால் கருவிழியில் புண் ஆகும். ஆறினாலும் வெள்ளையாகத் தழும்பு நிற்கும். பூ விழுந்த கண் என்கிறோமே, அதுதான்.

கண்ணுக்குள் ரத்தம்: கருவிழிக்குப் பின்னால் இருக்கும் தெளிவான நீரில் ரத்தம் கசிந்து, அடியில் சிவப்புக் கோடு மாதிரி தங்கும். கண்ணாடி டம்ளரில் ரோஸ்மில்க் எசன்ஸ் தங்கியது போல இருக்கும். பையன் உட்கார்ந்தால்தான் தெரியும். படுத்திருந்தால் தெரியாது! முதல் நாள் அடங்கிய ரத்தம் இரண்டாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள் மறுபடி கசியலாம். இரண்டாவது கசிவு முதலாவதைவிட மோசமாக இருக்கும். அதனால்தான் டாக்டர்கள், "ஓடாதே, ஆடாதே, தலையை உயர்த்தி வைத்துப் படு" என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

எலும்பு முறிவு: கண் குழியின் ஓரம் கெட்டியானது. ஆனால் அடித்தளம் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. பலமான அடியில் அந்தத் தளம் உடையும். கண்ணை அசைக்கும் தசை அந்த உடைசலில் சிக்கிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். கன்னம் மரத்துப் போகும். மூக்கைச் சிந்தினால் கண் சட்டென்று வீங்கும். அதனால் சிந்தவே கூடாது.

இங்கிலாந்தின் கிரெய்க் கீஸ்வெட்டர், 2010-ல் 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஆட்டநாயகன். 2014 ஜூலையில் பந்து அவர் ஹெல்மெட்டின் கம்பிக்கும் முகப்புக்கும் நடுவே புகுந்து மூக்கையும் கன்ன எலும்பையும் உடைத்தது. திரும்பி வந்து ஆடினார். ஆனால் பார்வை பழையபடி இல்லை. 2015-ல் ஆட்டத்தை விட்டே விலகினார். அப்போது வயது 27!

விழித்திரை கழன்று வருதல்: இதுதான் சத்தம் இல்லாத திருடன். வலியே இருக்காது. சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்து வருவதுபோல் விழித்திரை பிரிந்து வரும். அடிபட்ட அன்றே நடக்கலாம். வாரங்கள், மாதங்கள் கழித்தும் நடக்கலாம். கண்ணில் மின்னல் அடிப்பது, கொசு மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்குவது மாதிரி இருப்பது... இவைதான் அடையாளம்.

அமெரிக்க குத்துச்சண்டை வீரர் சுகர் ரே லெனார்டு 1982-ல் கண்ணில் ஏதோ மிதப்பதைக் கவனித்தார். அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டினார். இடது விழித்திரை கழன்றிருந்தது. மே மாதம் ஆபரேஷன். பார்வை தப்பியது. 1987-ல் மறுபடி உலகப் பட்டம் வென்றார். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்திருந்தால்?

இன்னும் ஒன்று உண்டு. அடியில் கண் நீர் வடியும் பாதை பழுதாகி, பல வருடம் கழித்து கண்ணில் அழுத்தம் ஏறும். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிக்கு, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு பார்வை மங்கும்! கண்ணில் பலமாக அடிபட்டவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

ஒற்றைக் கண் பட்டோடி!

"ஒரு கண் போனால் என்ன, இன்னொரு கண் இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்வார்கள். ஒரு கண்ணோடு வாழ்ந்து காட்டியவர் மன்சூர் அலிகான் பட்டோடி.

1961-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. ஆக்ஸ்போர்டு மாணவர் பட்டோடிக்கு வயது 20. இங்கிலாந்தில் ஹோவ் நகரில் கார் விபத்து. முன்புறக் கண்ணாடி நொறுங்கியது. ஒரு சில்லு வலது கண்ணுக்குள் புகுந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆனால் அந்தக் கண்ணின் பார்வை போனது போனதுதான்.

தூரத்தை அளப்பதற்கு இரண்டு கண் தேவை. இரண்டும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்ப்பதை மூளை ஒன்றுசேர்த்துத்தான் "பந்து இவ்வளவு தூரத்தில் வருகிறது" என்று கணக்குப் போடுகிறது. ஒரு கண் போனால் அந்தக் கணக்கு தவறும். ஜாடியில் இருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றினார் பட்டோடி. சிகரெட் பற்றவைக்கப் போனால் நெருப்பு நுனியில் படவில்லை. கான்டாக்ட் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பந்து இரண்டாகத் தெரிந்தது!

அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட வந்தார். தொப்பியை வலது கண் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடினார். 1962 ஜனவரியில் நம் சென்னையில், நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்ற கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் விளாசினார். அந்த டெஸ்டில் இந்தியா ஜெயித்தது. தொடரும் இந்தியாவுக்கே!

அதே ஆண்டு மார்ச்சில் 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவர் ஆனார். ஆடிய 46 டெஸ்டில் 40 டெஸ்டுக்கு அவர்தான் தலைவர்.

அடேயப்பா என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பட்டோடி ஆயிரத்தில் ஒருவர் அல்ல; கோடியில் ஒருவர். ஒரு கண்ணை இழந்த எல்லாப் பையனும் பட்டோடி ஆக முடியாது. போலீஸ், ராணுவம், ரெயில் டிரைவர் என்று பல வேலைகளுக்கு வாசலே மூடிவிடும்.

செய்யாதே! செய்யாதே!

கண்ணில் அடிபட்டதும் செய்யக் கூடாதவை:

கண்ணைக் கசக்கக் கூடாது. அழுத்தி ஒத்தடம் கொடுக்கக் கூடாது. கண் கிழிந்திருந்தால், அழுத்துகிற அழுத்தில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

வாயால் ஊதக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், இலைச்சாறு எதுவும் விடக் கூடாது. கிருமியை நாமே கொண்டுபோய் விடுவதற்குச் சமம்.

குச்சியோ, கம்பியோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அது டாக்டர் வேலை.

ஆஸ்பிரின் மாத்திரை தரக் கூடாது. ரத்தக் கசிவு அதிகமாகும்.

மருந்துக் கடையில், "கண் சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து கொடுங்க" என்று வாங்கிப் போடவே கூடாது. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு உடனே குறையும். "அட, குணமாயிடுச்சே" என்று தோன்றும். ஆனால் மண்ணில் இருந்து வந்த காளான் கிருமி உள்ளே இருந்தால், அந்த மருந்தே அதற்குத் தீனி போட்டது மாதிரி ஆகி, கருவிழியையே அரித்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது

ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். அதைக் கண்ணின் மேல் தொடாமல், சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காருகிற மாதிரி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கண்ணில் எதுவும் படாமல் காக்கும். பிறகு நேராக ஆஸ்பத்திரி. படுக்கப்போட்டுத் தூக்க வேண்டாம். தலை உயர்ந்திருக்கட்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பன் எதுவும் வாங்கித் தர வேண்டாம்.

கழுவலாமா, கூடாதா? இதில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

பந்து அடித்தாலோ, கண் கிழிந்ததாகச் சந்தேகம் இருந்தாலோ கழுவக் கூடாது.

ஆனால் சுண்ணாம்பு விழுந்தால் கட்டாயம் கழுவ வேண்டும்! மைதானத்தில் கோடு போடுவதற்குச் சில இடங்களில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டுகிறார்கள். கபடி, கோ-கோ ஆடும் பிள்ளைகள் அதில்தான் விழுந்து புரள்கிறார்கள். சுண்ணாம்பு கண்ணை அரித்துக்கொண்டே உள்ளே போகும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இமையைப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆட்டோ!

இந்த அடையாளம் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்: பார்வை மங்கல், இரண்டாகத் தெரிவது, கண்மணி வட்டமாக இல்லாமல் கோணலாக இருப்பது, கண்ணுக்குள் ரத்தம், மின்னல், மிதக்கும் புள்ளிகள், திரை இறங்குவது. இமை வீங்கி மூடிக்கொண்டால், பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

எங்கே போவது? சென்னையில் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-லேயே தொடங்கியது. உலகிலேயே பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று அது. இருநூறு வருடத்துக்கும் மேலாக ஏழைபாழைகளுக்குக் கண் கொடுத்துவரும் இடம். "காசு இல்லையே" என்று யாரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

தலைப்பாகையோடு போகட்டும்!

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்பது பழமொழி. கண்ணுக்கு வருவதும் கவசத்தோடு போகட்டும்.

பவுச்சரின் கண் போன பிறகு கிரிக்கெட் உலகம் விழித்துக்கொண்டது. 2016 முதல் இங்கிலாந்தின் முதல்தரப் போட்டிகளில் ஸ்டம்பை ஒட்டி நிற்கும் விக்கெட் கீப்பருக்கு ஹெல்மெட் கட்டாயம். 2017-ல் எம்.சி.சி. வெளியிட்ட புதிய விதிகள், பெயில் தூரமாகப் பறக்காதபடி ஸ்டம்போடு கட்டிவைக்கவும் இடம் கொடுத்தன. சர்வதேசப் போட்டியில் ஹெல்மெட் போட்டால், கம்பி இடுக்கில் பந்து நுழையாதபடி சோதிக்கப்பட்ட புதுரக ஹெல்மெட்தான் போட வேண்டும் என்று 2017-ல் ஐ.சி.சி.யும் சொல்லிவிட்டது.

அதனால் ஹெல்மெட் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகப்புக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பந்து நுழையக் கூடாது. கடைக்குப் போகும்போது ஒரு பந்தையும் கையில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்! இடுக்கு பெரிதாக இருந்தால், விலை குறைவு என்று ஏமாற வேண்டாம்.

இறகுப்பந்து, ஸ்குவாஷ், கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி உண்டு. சுத்தியால் அடித்தாலும் சில்லுச் சில்லாக நொறுங்காத பிளாஸ்டிக் அது. அமெரிக்கக் கூடைப்பந்து மன்னர் கரீம் அப்துல் ஜப்பாருக்கு 1968-லும் 1974-லும் கருவிழியில் கீறல் பட்டது. அதன் பிறகுதான் கண்ணாடியை மாட்டினார். அந்தக் கண்ணாடியே அவருக்கு அடையாளம் ஆனது. நெதர்லாந்து கால்பந்து வீரர் எட்கர் டேவிட்ஸ் கண் அழுத்த நோய்க்கு 1999-ல் ஆபரேஷன் செய்துகொண்டு, கண்ணாடியோடுதான் ஆடினார். யாரும் சிரிக்கவில்லை!

வழக்கமாகப் போடும் மூக்குக் கண்ணாடி காக்காது. அடிபட்டால் அதுவே உடைந்து கண்ணுக்குள் போகும். பட்டோடிக்கு எமனாக வந்தது கண்ணாடிச் சில்லு என்பதை நினைவில் வைக்க வேண்டும். கான்டாக்ட் லென்சும் காப்பாற்றாது. ஏற்கனவே ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்கள், மற்ற கண்ணுக்குக் கவசம் இல்லாமல் மைதானத்தில் இறங்கவே கூடாது. அவர்கள் குத்துச்சண்டைப் பக்கமே போகக் கூடாது.

"நூறு, இருநூறு செலவு இல்லையே சார், அதிகமாகுதே!" என்று ஒரு அப்பா கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேட்டுக்கு ஒரு விலை, ஷூவுக்கு ஒரு விலை கொடுக்கிறோம். பேட் உடைந்தால் வேறு பேட். ஷூ கிழிந்தால் வேறு ஷூ. கண்ணுக்கு?

திட்டாதீங்க...

கடைசியாக ஒரு விஷயம். அடிபட்ட பிள்ளைகள் பலர் வீட்டில் சொல்வதே இல்லை. "படிக்கிற நேரத்தில் என்னடா ஆட்டம்?" என்று அப்பா முதுகில் போடுவார். அம்மா பேட்டைத் தூக்கி அடுப்பில் போடுவாள். அந்தப் பயத்தில், "கண்ணில் கொசு விழுந்துச்சு" என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறான். காலையில் எழுந்தால் வீக்கம் குறைந்திருக்கும். ஒரு கண்ணில் பார்வை குறைந்தாலும் மற்ற கண் ஈடு கொடுத்துவிடும். அவனுக்கே தெரியாது!

அதனால் விளையாடிவிட்டு வந்த பையன் கண் சிவந்திருந்தால் முதலில் அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி எதிரே தொங்கும் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு கண்ணில் எழுத்து மங்கினால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?